தேசீயப் பூங்காவுக்குரிய நிலம்: முக்குருத்தி மலையும் பவானிப் பாசனமும்

நிலத்தை நஞ்சை, புஞ்சை, தோட்டம், தரிசு எனப் பிரித்து வழங்குவது நம் நாட்டுக் குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். மகசூல் தருவது முதல் மூன்றில் அடங்கும், தராதது தரிசாகும். இந்தக் கணக்கின்படி பார்த்தால், சர்க்கார் ஒரு பரந்த நிலத்தைச் சுற்றி எல்லை வகுத்து, அதனுள் ஏர் பூட்டலாகாது, மாடு மேய்க்கலாகாது, விறகு வெட்டலாகாது என்று விதிப்பது விளங்காத காரியமாகவே தோன்றும். "உழுவதற்குக் காணி நிலமும் இல்லாத குடும்பங்கள் எத்தனையோ இருக்க, இத்தனை ஆயிரம் ஏக்கரைக் காட்டு ஆட்டுக்கும் மானுக்கும் விட்டுவைப்பானேன்?" என்னும் வினா கிராமக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. வினா நியாயமானதே. ஆதலால், ஒரு நிலம் தேசீயப் பூங்காவாக எக்காரணங்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்படுகின்றது என்பதையும், அத்தேர்வினால் கீழ்நாட்டு வயல்களுக்கு உண்டாகும் பயன் யாது என்பதையும், நீலகிரியிலுள்ள முக்குருத்தித் தேசீயப் பூங்காவை உதாரணமாகக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

முதற் பூங்காக்கள்

உலகில் முதன்முதலாகத் தேசீயப் பூங்காவென ஒதுக்கப்பட்டது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள யெல்லோஸ்டோன் ஆகும். கொதிநீர் ஊற்றுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்த அந்நிலம், 1872-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதியன்று சட்டத்தின் மூலம் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதன் பரப்பு 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. அச்சட்டம் ஆலோசனையில் இருந்தபோது அந்நாட்டுச் சட்டசபைக்கு முன் வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று நாம் கவனிக்கத்தக்கது. அவ்விடம் மிக உயரத்திலுள்ளது. பயிர் நிச்சயமாக விளையும் என்று நம்புவதற்கில்லை. குளிர் கடுமையாதலால் கால்நடை வளர்ப்புக்கும் ஏற்றதன்று. ஆகவே அதை ஒதுக்குவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதே அது. கண்ணுக்கு இனியதாகவும் கலப்பைக்கு உதவாததாகவும் இருந்தமையே அக்காலத்தில் ஒரு நிலத்தைப் பூங்காவாக்கப் போதுமான காரணமாயிற்று.

நாளடைவில் இக்கருத்து மாறியது. அதே நாட்டின் தென்கோடியில், புளோரிடாப் பகுதியிலுள்ள எவர்கிளேட்ஸ் என்னும் பரந்த புற்சதுப்பு 1934-இல் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டு, 1947-இல் பூங்காவாகத் திறந்து வைக்கப்பட்டது. அங்கே மலையுமில்லை, அருவியுமில்லை. மெல்ல நகரும் நீரும், அதில் வாழும் புல்லும் பறவையுமே உள்ளன. காட்சிக்காக அல்லாமல், அங்குள்ள உயிர்களுக்காகவே அந்நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் தேசத்தில் முதற் பூங்கா 1936-இல் அக்கால ஐக்கிய மாகாணத்தில், இமயமலை அடிவாரக் காடுகளில் ஏற்பட்டது. ஹெய்லி பூங்கா எனப் பெயரிடப்பெற்ற அதுவே பின்னர் ஜிம் கார்பெட் தேசீயப் பூங்கா என்று வழங்கலாயிற்று.

சட்டம் கூறும் காரணங்கள்

இந்தியாவில் இன்று நடைமுறையிலிருப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். அதன் 35-ஆம் பிரிவின்படி, ஒரு நிலம் தன் விலங்குகளாலோ, தாவரங்களாலோ, நில அமைப்பினாலோ, உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள தொடர்பினாலோ சிறப்புடையதாக இருந்து, அவ்வுயிர்களையும் சூழலையும் காப்பதற்கு அவசியமானால், ராஜ்ய சர்க்கார் அதைத் தேசீயப் பூங்காவாக்கக் கருதும் எண்ணத்தை அறிவிக்கலாம். அழகு என்னும் சொல் இங்கே காணப்படவில்லை என்பதும், பயிருக்கு உதவாத நிலமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கன.

சரணாலயத்திற்கும் தேசீயப் பூங்காவிற்கும் உள்ள வித்தியாசத்தையும் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம். சரணாலயத்தில் சில பழைய உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கக் கலெக்டர் அனுமதிக்கக்கூடும். தேசீயப் பூங்காவிலோ கால்நடை மேய்ச்சலுக்கு இடமே இல்லை. அதன் எல்லையையும் ராஜ்ய சர்க்கார் தன் விருப்பப்படி மாற்ற இயலாது. தேசீய வனவுயிர் வாரியத்தின் சிபாரிசு வேண்டும். இத்தகைய கண்டிப்பான ஏற்பாடு எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது. ஒருமுறை கெட்டால் மீண்டும் உண்டாக்க இயலாத நிலத்திற்கே அது தகும். முக்குருத்தி அவ்வகையைச் சேர்ந்தது.

முக்குருத்தி மலை

நீலகிரிப் பீடபூமியின் தென்மேற்கு மூலையில், கேரள எல்லையை ஒட்டி, 78.46 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 19,400 ஏக்கர் பரப்பில் இப்பூங்கா அமைந்துள்ளது. முக்குருத்திச் சிகரம் 2,554 மீட்டர் உயரமுடையது; அருகிலுள்ள கொலாரிபெட்டா அதனினும் உயர்ந்தது. மேற்கு ஓரம் செங்குத்தான பாறையாக மலையாள நாட்டை நோக்கி இறங்குகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று இப்பாறையில் மோதியே தன் மழையைக் கொட்டுகின்றது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இதற்கு அண்மையிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 31 அங்குலத்திற்கு மேல், மழை பதிவாயிற்று என்பதிலிருந்து இப்பகுதியின் மழைவளத்தை உணரலாம்.

இம்மலையின் சிறப்பு விலங்கு வரையாடு. மேற்குத்தொடர்ச்சி மலையில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள உயர்ந்த புல்வெளிகளையும் பாறைச் சரிவுகளையும் தவிர, இவ்வுலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் வேட்டையாடியதால் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே அது அருகத் தொடங்கிற்று. வேட்டைக்காரர்களே அஞ்சி 1877-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879-இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்று பிறந்தது. முக்குருத்தி 1982-இல் சரணாலயமாகவும், 1990-இல் தேசீயப் பூங்காவாகவும் ஆயிற்று. 2012-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்ற மேற்குத்தொடர்ச்சி மலையின் 39 இடங்களுள் இதுவும் ஒன்று. 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதிலும் 1,303 வரையாடுகளே எண்ணப்பட்டன. ஒரு பெரிய சந்தையில் ஒரே நாளில் கூடும் வெள்ளாடுகளின் தொகையைவிட இது அதிகமிராது.

எனினும் வரையாடு வாழ்வதற்கு வேண்டியது புல்வெளி. அப்புல்வெளியைக் காப்பதில்தான் நமது உழவர்களின் நலனும் அடங்கியிருக்கின்றது.

புல்லும் சோலையும் செய்யும் வேலை

முக்குருத்தியில் மேட்டுச் சரிவுகளெல்லாம் புல்லாகவும், மடிப்புகளிலும் நீரோடும் பள்ளங்களிலும் மட்டும் அடர்ந்த குட்டையான சோலைகளாகவும் இருக்கக் காணலாம். இதைக் கண்டவர் பலர், ஆதியில் மலை முழுவதும் காடாக இருந்து மனிதரால் அழிக்கப்பட்டது போலும் என்று எண்ணுவர். நீலகிரிச் சதுப்புகளின் அடியில் படிந்துள்ள மக்கிய கரிய மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே புல்வெளி இருந்ததென்று 1993-இல் வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் திறந்த மேட்டில் இரவுதோறும் உறைபனி பெய்வதால் சோலை மரத்தின் இளங்கன்றுகள் அங்கே கருகிவிடுகின்றன. பள்ளத்தின் நிழலிலும் ஈரத்திலும் மட்டுமே அவை பிழைக்கின்றன. ஆகவே இப்புல்வெளி காடழிந்த தரிசன்று. அவ்விடத்தின் பழமையான பயிரே அதுதான்.

இனி நீரின் கணக்கைப் பார்ப்போம். ஓர் அங்குல மழை 19,400 ஏக்கரில் பெய்தால் ஏறக்குறைய 7 கோடி கன அடி நீர் விழும். அந்நீர் வெறும் பாறையிலோ, உழுது திறந்துவிட்ட சரிவிலோ விழுந்தால், மண்ணையும் வாரிக்கொண்டு அன்றே ஓடிவிடும். இங்கே நடப்பது வேறு. நெருங்கி வளர்ந்த புல்லின் தூர்கள் மழைத்துளியின் வேகத்தைத் தடுக்கின்றன. வேர்களால் பின்னப்பட்ட கரிய மண் நீரை உறிஞ்சுகின்றது. அதன் கீழே பள்ளங்களிலுள்ள சதுப்பு, நனைந்த கோணிப்பை போல அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. சோலையின் சருகுமெத்தை எஞ்சியதை ஏற்கின்றது. மழை நின்று மாதங்கள் கடந்த பின்னும், தை, மாசி, பங்குனி மாதங்களில், ஓடைகளில் தெளிந்த நீர் கசிந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

மரம் நட்டதால் விளைந்தது

இவ்வுண்மை விளங்காத காலத்தில், புல்வெளியை வீணாகக் கிடக்கும் நிலமென்று கருதி அதில் அயல்நாட்டு மரங்களை நட்டார்கள். தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டி, மலைநாட்டார் சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும், விறகு முதலிய தேவைகளுக்காகக் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிராக்கப்பட்டன. நட்டவர்கள் தீய எண்ணமுடையவர்களல்லர். மரம் வளர்த்தால் மழை பெருகும், நீர் பெருகும் என்பது அன்றும் இன்றும் பலரது நம்பிக்கை.

இந்நம்பிக்கையை அளந்து பார்த்தவர்கள் உதகமண்டலத்திலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார். பைக்காரா நீர்ப்பிடிப்பைச் சேர்ந்த கிளென்மார்கனில், அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்பு நிலங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் 1972-இல் நூற்றுக்கு 59 பங்கு நிலத்தில் யூகலிப்டஸ் நட்டு, இரண்டிலிருந்தும் வெளிவரும் நீரை ஆண்டுதோறும் அளந்தார்கள். முதற் சுற்றுப் பத்தாண்டுகளில், மரம் நட்ட நிலத்திலிருந்து வரும் நீர், புல்வெளியோடு ஒப்பிட, நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் அக்குறைவு 25.4 பங்காயிற்று. வறண்ட காலத்து மிகக் குறைந்த ஓட்டம் முதற் சுற்றில் பாதியாகவும், இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகவும் சுருங்கிற்று. ஆழமாக வேரோடி, ஆண்டு முழுவதும் இலையுடன் நிற்கும் மரம், புல்லைக் காட்டிலும் அதிகமான நீரைக் குடித்து ஆவியாக விடுகின்றது என்பதே இதன் காரணம். ஆற்றில் வெள்ளம் வரும் மாதத்தில் இக்குறைவு தெரியாது; வாய்க்கால் வறளும் மாதத்தில்தான் தெரியும்.

நட்ட மரத்தை வெட்டினால் மட்டும் புல்வெளி திரும்பிவிடாது. சீகையின் விதை பல்லாண்டுகள் மண்ணுள் உயிருடன் கிடந்து, வெட்டிய இடத்திலும் எரிந்த இடத்திலும் ஆயிரக்கணக்கில் முளைக்கின்றது. ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கி, உள்நாட்டுப் புல்லை மீண்டும் ஊன்றிப் பராமரிக்க வேண்டும். தமிழ்நாடு சர்க்கார் அயல் தாவரங்களை அகற்றி இயற்கை நிலையை மீட்பதற்கென 2022-இல் ஒரு கொள்கையையே வகுக்க நேர்ந்தது இதனாலாகும். கெட்டதைத் திருத்தும் செலவு, கெடாமற் காக்கும் செலவினும் பன்மடங்கு பெரிது என்பது, களை முற்றிய வயலை வைத்திருந்த எவருக்கும் தெரியும்.

நீர் செல்லும் வழி

முக்குருத்தியின் நீரில் ஒரு பகுதி மேற்கே மலையாளப் பக்கம் இறங்குகின்றது. மற்றொரு பகுதி பைக்காரா ஆறாகி, 1932 முதல் மின்சாரம் தந்துவரும் நிலையத்தைக் கடந்து, மாயாறாகக் கீழிறங்குகின்றது. தென்புறத்து ஓடைகள் பவானியாகி, கேரளத்தின் அட்டப்பாடி வழியே சுற்றி, மீண்டும் தமிழ்நாட்டிற்குள் வந்து மேட்டுப்பாளையத்தை அடைகின்றன. மாயாறும் பவானியும் சேருமிடத்தில் 1955-இல் கட்டி முடிக்கப்பட்டதே பவானிசாகர் அணை. அதன் கொள்ளளவு 32.8 டி.எம்.சி., அதாவது 3,280 கோடி கன அடி. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டுக்கு நீர் தருகின்றது. ஆற்று வழியே சென்ற நீர் கொடிவேரி அணைக்கட்டில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கும், பவானி கூடுதுறைக்கு முன் காலிங்கராயன் வாய்க்காலுக்கும் பிரிகின்றது. கோபிசெட்டிபாளையத்து நெல்லுக்கும், ஈரோட்டு மஞ்சளுக்கும், கரும்புக்கும் வாழைக்கும் இந்நீரே ஆதாரம்.

பவானிசாகரின் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் இப்பூங்கா ஒரு சிறு பங்கே என்பதை மறைப்பதற்கில்லை. பூங்கா ஒன்றினாலேயே அணை நிரம்பும் என்று கூறுவது மிகையாகும். ஆனால் மழை மிகுதியாகப் பெய்யும் உச்சியும், கோடையில் ஊற்று வற்றாத இடமும் அதுவே. தலைமடை கெட்டபின் கடைமடையைத் திருத்துவதால் பயனென்ன?

மலைவாழ் மக்களின் உரிமை

இங்கே மற்றொரு பக்கமும் உண்டு. நீலகிரிப் புல்வெளிகள் ஆளில்லாத இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. தோடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் எருமைகளை அங்கே மேய்த்து வந்தார்கள். அவர்களுடைய கோயில்களின் கூரைக்கு வேண்டிய புல் அச்சதுப்புகளிலேதான் விளைகின்றது. முக்குருத்திச் சிகரம் அவர்களுக்குப் புனிதமானது. புல்வெளியில் சீகையை நட்டவர்கள் அவர்களல்லர். அந்நடவால் மேய்ச்சலை இழந்தவர்கள் அவர்களே. பின்பு எஞ்சிய புல்லைக் காக்க எல்லை வகுத்தபோது, மேய்ச்சல் விலக்கும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தேசீயப் பூங்காக்களுக்குள்ளும் பழங்குடியினரின் பழைய உரிமைகளை விசாரித்து ஏற்க வழி செய்திருக்கின்றது. கீழ்நாட்டான் நீரை அனுபவிக்க, மேல்நாட்டான் மட்டும் நஷ்டத்தைச் சுமப்பது முறையாகாது. நிலத்தைத் தேர்வது எவ்வளவு அவசியமோ, அதில் வாழ்ந்தவர்களின் உரிமையைத் தீர்ப்பதும் அவ்வளவு அவசியம்.

குடியானவர்கள் கவனிக்கத்தக்கவை

பூங்காவின் எல்லைக்கு வெளியே, நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதி உருளைக்கிழங்கு, காரட், கோசு, தேயிலை ஆகியவை பயிராகும் நிலங்களாகவும் கிராமங்களாகவும் இருக்கின்றது. அங்கே காவலன் குடியானவனே. ஆதலால் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்மை பயக்கும்.

1. மலைச்சரிவில் பாத்திகளை மேலிருந்து கீழாக ஓட்டாமல், சம உயரக் கோட்டில் குறுக்காக அமைத்தல் வேண்டும். செங்குத்தான இடங்களைப் படிப்படியாகச் சமன் செய்து, வரப்புகளில் வெட்டிவேர் முதலிய தூர்கட்டும் புற்களை நட வேண்டும்.

2. பள்ளத்திலுள்ள சதுப்பை வடிகால் வெட்டி உலர்த்திக் காய்கறி பயிரிடுவது இரண்டு மூன்று போகங்களுக்கு இலாபமாகத் தோன்றும். பின்பு அவ்வூர்க் கிணறும் ஓடையும் கோடையில் வற்றும். சதுப்பைச் சதுப்பாகவே விடுவது நலம்.

3. ஊற்றுக் கண்களுக்கு அருகிலும் ஓடைக் கரைகளிலும் யூகலிப்டஸ், சீகை ஆகியவற்றை நடலாகாது. அவை இருக்குமிடத்தில் படிப்படியாக அகற்றி, உள்நாட்டு மரங்களையும் புல்லையும் வளர்த்தல் வேண்டும்.

4. புதிதாகப் பூங்காவோ சரணாலயமோ அமைக்கும் அறிவிப்பு வெளியானால், அந்நிலத்தில் பாத்தியதை உடையவர்கள் வாளாவிருத்தல் கூடாது. கலெக்டரின் விளம்பரம் வந்த இரண்டு மாதங்களுக்குள், பட்டா முதலிய ஆதாரங்களுடன் தங்கள் உரிமையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

5. பூங்காவை அடுத்த நிலங்களில் காட்டுப்பன்றி, காட்டெருமை முதலியவற்றால் சேதம் உண்டானால், தடயம் அழியுமுன் வனத்துறையாருக்குத் தெரிவித்து, நிவாரணத்திற்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். விலங்கைக் கண்ணி வைத்தோ மின்கம்பி இழுத்தோ கொல்வது குற்றமாவதுடன், மனிதர் உயிருக்கும் ஆபத்தாகும்.

மேலே எழுந்த வினாவுக்கு விடை இதுவே: முக்குருத்தி போன்ற நிலம் ஒதுக்கப்படுவது, அது வேலையின்றிக் கிடப்பதால் அல்ல. அது செய்யும் வேலையை வேறோர் இடத்தில் செய்விக்க முடியாமையாலும், அதைக் குலைத்தால் மீண்டும் அமைக்க முடியாமையாலுமே ஒதுக்கப்படுகின்றது. கீழ்பவானி ஆயக்கட்டில் மடை திறக்கும் குடியானவர்கள், அந்நீரில் ஒரு பங்கு அங்கிருந்தே புறப்பட்டு வருகின்றது என்பதை நினைவிற்கொண்டு, தங்கள் கிராம சபைகளிலும் பாசன சங்கங்களிலும் இவ்விஷயத்தை எடுத்துப் பேசி, தத்தம் ஊரில் "தரிசு" என்று எழுதப்பட்ட புல்வெளியையும் சதுப்பையும் வேறு காரியத்திற்கு மாற்றுவதற்கு முன், அது ஊருக்கு என்ன வேலை செய்து வருகின்றது என்பதை விசாரித்து அறிவார்களாக.